மன்னாருக்கு உப்புக் கொண்டுவந்தவள்

மன்னாரிலேயே பிறந்து வளர்ந்த ஒருத்தி, மலைநாட்டிலிருந்து இரண்டு பெரிய உப்புக் கட்டிகளைப் பயணம் முழுவதும் மடியில் வைத்துச் சுமந்துகொண்டு மன்னாருக்கு வந்தாள் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். அந்த ஒருத்தி நான். வேண்டுதலுக்கோ பந்தயத்துக்கோ செய்த காரியமில்லை அது. அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு, பயிற்சியும் பெற்று, முழு அறிவோடு செய்தேன்.

சண்டைக் காலம். கால்நடைப் போதனாசிரியராக எனக்கு வேலை கிடைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எங்களுடையது பேசாலையில் கடலுக்குப் போகிற குடும்பம். மாட்டைவிடச் சுறாவைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். சுறா எங்கள் வீட்டுக்கு வரும்போது செத்திருக்கும். மாடு உயிரோடு நின்று முழிசிப் பார்க்கும். நேர்முகத் தேர்வில் “மிருகங்களில விருப்பமோ?” என்று கேட்டபோது “நல்ல விருப்பம்” என்றேன். (அந்த நாளில் அரசாங்க வேலை என்றால் சிங்கத்துக்குப் பல் தீட்டவும் நல்ல விருப்பம்தான்.) நான் வேலைசெய்த கந்தோரின் மிருக வைத்தியர் லீவில் கொழும்புக்குப் போன கையோடு பாதையைப் பூட்டிவிட்டார்கள். பாதை திறந்த பிறகும் அவர் வரவில்லை. ஆக, அந்தப் பக்கத்து ஆடுமாடுகளுக்கெல்லாம் நானே கதி என்றாகிவிட்டது. பாவம் அவை.

நான் பயப்படாமல் தொடக்கூடிய ஒரே மிருகம் எருக்கலம்பிட்டி சபியா ராத்தாவின் வெள்ளாடு. ராத்தா பாய் இழைப்பவர், வாய் பெரிது, மனம் அதைவிடப் பெரிது. ஆட்டுக்குச் சீமாட்டி என்று பேர் வைத்திருந்தார். பேருக்கேற்ற நடை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, நாங்கள் எல்லோரும் அவளுடைய வளவில் வாடகைக்கு இருப்பவர்கள் என்பதுபோலப் பார்ப்பாள். ராத்தாவின் கடைக்குட்டிக்குக் கடையில் வாங்கிக் கரைக்கிற மாப்பால் ஒத்துக்கொள்ளாது, குடித்த உடனே சத்தி எடுத்துவிடுவான். சீமாட்டியின் பாலில்தான் அவன் வளர்ந்துகொண்டிருந்தான்.

அந்தச் சீமாட்டிக்கு ஒரு துக்கம் இருந்தது. இரண்டு ஈற்றிலும் குட்டிகள் எழும்பவில்லை. முன்னங்கால் இரண்டும் நிற்கும், பின்பக்கம் மணலில் இழுபடும். கண் பளிச்சென்று இருக்கும், தாயைக் கூப்பிடும், ஆனால் மடிக்குப் போய்ச்சேர முடியாது. ராத்தா அவற்றைத் தூக்கித் தூக்கி மடியில் பிடித்துப் பால் குடிக்க வைத்தார். இரண்டு முறையும் ஒன்றும் தப்பவில்லை. இப்போது சீமாட்டிக்கு மறுபடியும் வயிறு. இந்த முறையும் இப்படி என்றால் இறைச்சிக் கடைக்குக் கொடுப்பது என்று ராத்தாவின் கணவர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

“மிஸ், நான் பெரிசா ஒண்டும் கேக்கேல்ல,” என்றார் ராத்தா. “குட்டி எழும்பி நிக்கோணும். அவ்வளவுதான்.”

“நிக்கும் ராத்தா. இந்த முறை நிக்கும்.”

எப்படி நிற்கும் என்று எனக்கே தெரியாது. ஆனால் ராத்தாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதையும் சொல்ல வாய் வரவில்லை. “அல்லாஹ் உங்களுக்குக் குறை வைக்க மாட்டான் மிஸ்” என்று அவர் என் கையைப் பிடித்தபோது, செய்துவிட்ட காரியத்தின் பாரம் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் கண்டிப் பக்கத்தில் ஒரு பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். அங்கே ஒரு விரிவுரையாளர் செப்பு, துத்தநாகம், கோபால்ற்று என்று மூலகங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். மிருகத்தின் உடம்புக்கு இவை துளியளவு போதுமாம். ஆனால் அந்தத் துளி இல்லாவிட்டால் தவிட்டையும் புண்ணாக்கையும் மூட்டையாகக் கொட்டினாலும் பலனில்லை. அதிலும் ஒன்றையொன்று பார்த்துச் சரிக்கட்ட வேண்டும். பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல ஒன்று கூடினால் மற்றதைத் தள்ளிவிடும். சுண்ணாம்பு மணலும் உவர்த் தண்ணீரும் உள்ள இடங்களில் செப்பு உடம்பில் சேராது, சினை ஆட்டுக்குச் செப்புக் குறைந்தால் வயிற்றிலிருக்கும் குட்டியின் நரம்பு பழுதாகிப் பின்னங்கால் இழுபடும் என்று அவர் சொன்னதும் நான் கதிரையைவிட்டு எழும்பி “சீமாட்டி!” என்று கத்திவிட்டேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. விரிவுரையாளர் தன்னைத்தான் சொன்னேன் என்று நினைத்து, மிச்ச நாள் முழுவதும் என் முகத்தையே பார்க்கவில்லை.

செப்பு கூடினாலும் ஆபத்து. செம்மறிக்குக் கொஞ்சம் கூடினாலே நஞ்சு. அதனால் கண்டபடி அள்ளிக் கொடுக்கக்கூடாது. உப்போடு கலந்து கட்டியாக இறுக்கிக் கொட்டிலில் தொங்கவிட வேண்டும். உப்பு ஆசையில் மிருகம் வந்து நக்கும், ஆசை தீர்ந்ததும் போய்விடும், அளவு தானாகவே சரியாகும். என்ன அழகான யோசனை! மலைநாட்டு மாடு ஒன்று அந்தக் கட்டியை நக்கியதை என் கண்ணாலேயே பார்த்தேன். வேறெதையும் யோசிக்கவில்லை. இரண்டு கட்டிகளும், உப்புச் சேராத மூலகத் தூள் ஒரு பையும் வாங்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினேன்.

மன்னார்ப் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். என் பையைத் திறந்த ஆமிக்காரப் பெடியன் இரண்டடி பின்னால் போனான். அவனைக் குறை சொல்ல முடியாது. சாம்பல் நிறத்தில், செங்கல் மாதிரி, கனமாக, நடுவில் கயிறு போட ஓட்டை வைத்த இரண்டு கட்டிகள். பக்கத்தில் ஒரு பைத் தூள். நானாக இருந்தால் ஓடியே இருப்பேன்.

“மே மொக்கத?” என்றான். இது என்ன என்று அர்த்தம்.

“லுணு,” என்றேன். எனக்குத் தெரிந்த நாலைந்து சிங்களச் சொற்களில் உப்பும் ஒன்று.

அவன் கட்டியைப் பார்த்தான், பாலத்துக்கு அப்பால் தெரிந்த தீவைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான். “மன்னாரமட்ட லுணு?” மன்னாருக்கு உப்பா என்று கேட்டுவிட்டு மற்றவர்களையும் கூப்பிட்டான். அவர்களும் சிரித்தார்கள். ஆனால் பெரியவன் சிரிக்கவில்லை. உப்பென்றால் தின்று காட்டு என்று கையால் சைகை செய்தான். தின்கிற சாமானில்லை, நக்குகிற சாமான் என்று விளக்க எனக்குச் சிங்களம் போதவில்லை. பஸ் முழுக்க வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருக்க, எங்கள் மாதா கோவில் உபதேசியாரும் அந்த வரிசையில் நிற்க, நான் அந்தக் கட்டியை இரண்டு கையாலும் தூக்கி நக்கினேன். பழைய ஆணியைச் சப்பியதுபோல இருந்தது. இன்னொருக்கா என்றான். இன்னொருக்கா நக்கினேன். மற்றக் கட்டியையும் காட்டினான்.

நான் வீட்டுப் படலையைத் திறக்கும்போதே அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். உபதேசியாரின் சைக்கிள் என்னைவிட வேகம்.

“உனக்கு வேற நக்கிறதுக்கு ஒண்டும் கிடைக்கேல்லையோடி?”

அவமானம் போகட்டும், சீமாட்டி நக்கினால் போதும் என்று மறுநாளே ஒரு கட்டியைக் கொண்டுபோய்த் தொங்கவிட்டேன். சீமாட்டி வந்து முகர்ந்தாள். என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு திரும்பி நின்று, அதில் தன் முதுகைத் தேய்த்துக்கொண்டாள். ஒரு வாரம் போனது, இன்னொரு வாரமும் போனது. புண்ணாக்கில் கட்டியைச் சுரண்டிக் கலந்தால் புண்ணாக்கையும் தொடமாட்டாள். மற்றக் கட்டியை ராத்தா பாய்க் கட்டுக்குப் பாரமாக வைத்துக்கொண்டார். “நல்ல கட்டி மிஸ், காத்துக்கு அசையாது” என்று எனக்கு ஆறுதலும் சொன்னார்.

சீமாட்டியின் வயிறு இறங்கிக்கொண்டு வந்தது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்போதுதான் அந்த மகா யோசனை வந்தது. உப்பில் விருப்பமில்லை என்றால் இனிப்பில்! பனங்கட்டியைக் காய்ச்சி, தவிடும் மூலகத் தூளும் கலந்து, என் கையாலேயே கட்டி பிடிப்பது. அதோடு நிறுத்தியிருக்கலாம். தலைக்கனம் விடவில்லை. ஏ.ஜி.ஏ.யை, அதாவது உதவி அரசாங்க அதிபரை, இந்தப் புதுமையைப் பார்க்க வரச்சொல்லி அழைத்துவிட்டேன். ஊரில் ஆடு வளர்ப்பவர்களையும் கூப்பிட்டேன். ராத்தா பள்ளிக்கூடத்தில் கதிரை இரவல் வாங்கி வளவில் போட்டார், ஏ.ஜி.ஏ.க்குச் செவ்வரத்தை மாலையும் கட்டினார்.

காலையிலேயே பெரிய சட்டியில் பனங்கட்டி கொதித்தது. அந்த வாசம் வேலி தாண்டி, ஒழுங்கை தாண்டி, பெரிய வீதிவரை போனது. எல்லோரும் “ஆகா” என்றார்கள். மன்னார் வீதிகள் யாருக்குச் சொந்தம் என்பதை நான் அந்த நேரத்தில் மறந்துபோனேன். எங்கள் ஊரில் கழுதைகள் நடுவீதியில் நிற்கும், மனிதர்கள்தான் ஒதுங்கிப் போவோம்.

கட்டிகள் ஆறி வரிசையாகப் பாயில் இருந்தன. ஏ.ஜி.ஏ. வந்தார், மாலை போட்டோம், எழும்பிப் பேசத் தொடங்கினார். “எமது கால்நடைகளின் எதிர்காலம்...” என்று அவர் சொல்லும்போது வேலியில் கிடுகு ஒன்று மெதுவாக விலகியது. ஒரு நீளமான முகம் உள்ளே வந்தது. எவரோ “சூ” என்றார்கள். அந்த முகம் போகவில்லை, உடம்பும் வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. பிறகு வேலியே வந்தது.

எத்தனை கழுதைகள் என்று கேட்காதீர்கள், எண்ணுகிற நிலையில் அங்கே யாரும் இல்லை. கதிரைகள் விழுந்தன. ஆட்டுக்காரர்கள் கிணற்றுக் கட்டில் ஏறினார்கள். ராத்தா விளக்குமாறோடு நடுவில் நின்று, கழுதைகளின் வம்சத்தையே திட்டினார். நான் கட்டிகளைக் காப்பாற்றப் பாயில் விழுந்தேன். ஒரு கழுதை மிகவும் மரியாதையாக என் கைக்குக் கீழே மூக்கை நுழைத்துக் கட்டியை எடுத்துக்கொண்டு போனது. ஏ.ஜி.ஏ. அசையாமல் நின்றார். அவருடைய கழுத்திலிருந்த மாலையை ஒரு கழுதை பூப்பூவாகத் தின்றுகொண்டிருந்தது. (“பேச்சை மட்டும் அவர் நிப்பாட்டேல்ல” என்று ராத்தா பின்னாளில் சொல்லுவார். அது பொய். ஆனால் அப்படிச் சொன்னால்தான் கதை நன்றாக இருக்கிறது.)

எல்லாம் ஓய்ந்தபோது பாயில் ஒரு துண்டுகூட மிச்சமில்லை. தூள் முழுவதும் கழுதைகளின் வயிற்றில். பாதை மறுபடியும் பூட்டு, இனி ஒரு சிட்டிகைகூட வராது. மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டு போவதுபோல ஏ.ஜி.ஏ. ஜீப்பில் ஏறிப் போனார். செப்பு கூடிக் கழுதைகள் செத்துவிடுமோ என்று பயந்து நான் சில நாள் அவற்றின் பின்னாலேயே சைக்கிளில் திரிந்தேன். அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. மயிர் மினுங்கியது என்றுகூட ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அன்று மட்டும் உடைந்த வேலியருகில் உட்கார்ந்து அழுதேன். சீமாட்டி வந்து என் பக்கத்தில் நின்றாள். அவளுடைய வயிற்றுக்குள் குட்டி அசைவது தெரிந்தது. ராத்தா விழுந்த கதிரைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தார். அவர் என்னை ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்கும்போதுதான் அது கண்ணில் பட்டது. பாய்க் கட்டுக்கு மேலே அந்த உப்புக் கட்டி வைத்தபடி வைத்த இடத்திலேயே இருந்தது. கொட்டிலில் மற்றதும் தொங்கிக்கொண்டிருந்தது. ஏ.ஜி.ஏ.யின் மாலையைக்கூட விடாத கழுதைகள் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? அவையும் மன்னார்க் கழுதைகள்தானே. குடிக்கிற தண்ணீரில் உப்பு, கடற்கரைப் புல்லில் உப்பு, காற்றில் உப்பு. மன்னாரமட்ட லுணு என்று அந்தப் பெடியன் சிரித்த சிரிப்பு அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அப்படியென்றால் சீமாட்டிக்கு உப்பு ஆசை வரவேண்டும். உப்பு ஆசை வரவேண்டும் என்றால் அவள் குடிக்கிற தண்ணீரில் உப்பு இருக்கக்கூடாது. எழும்பி நின்று சொன்னேன்: “ராத்தா, சீமாட்டிக்கு இண்டையிலிருந்து நல்ல தண்ணி.”

ராத்தா கதிரையைக் கீழே வைத்தார். “நல்ல தண்ணியோ? மனுசருக்கே ஒரு குடத்துக்கு வரிசையில நிக்கிறம் மிஸ்!”

உண்மைதான். ஊருக்கு வெளியே ஒரே ஒரு நல்ல தண்ணிக் கிணறு. வெயில் காலத்தில் அங்கே குடத்துக்குக் குடம் சண்டை. நான் வெள்ளைப் பிளாஸ்டிக் கான் ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். யாருக்கு என்று கேட்டார்கள். பொய் சொல்ல வரவில்லை.

“ஆட்டுக்கோ!” என்றாள் ஒரு பெண். “ஏன் மிஸ், ஆடு சோடா குடிக்காதோ?”

தினமும் போனேன், தினமும் ஏச்சு வாங்கினேன். நான் கேட்காமலே வழிவிடவும் சிலர் இருந்தார்கள். கழுதைக் கதை அந்த நேரம் தீவெல்லாம் போயிருந்தது, என்னைப் பார்க்கவே அவர்களுக்குப் பாவமாக இருந்திருக்கும். கடற்கரைப் புல்லை நிறுத்தி, பூவரசங் குழையும் முருங்கைக் குழையும் வெட்டிப் போட்டார் ராத்தா. நல்ல தண்ணீரைச் சீமாட்டி முதலில் முகர்ந்துவிட்டுத் தள்ளினாள். சப்பென்று இருந்திருக்கும். தாகம் மிஞ்சியபோது குடித்தாள். பல நாள் கட்டிக்குக் கிட்டவே போகவில்லை. பிறகு ஒரு மத்தியானம் நான் கானை இறக்கும்போது ராத்தா வாயில் விரலை வைத்து, சத்தம் போடாதே என்று காட்டினார். கொட்டிலுக்குள் சர்ரக் சர்ரக் என்று ஒரு சத்தம். சீமாட்டி கண்ணை மூடிக்கொண்டு நக்கிக்கொண்டிருந்தாள். ராத்தாவும் நானும் கட்டிப்பிடித்துக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

அவள் இரண்டு குட்டி போட்டாள். முதல் குட்டி கொஞ்ச நேரம் தள்ளாடியது, விழுந்தது, மறுபடி எழும்பியது, தாயின் மடிக்கு நேராக நடந்துபோய் முட்டியது. மற்றதின் பின்னங்கால் நடுங்கியது. ராத்தா அதைத் தூக்கப் போய், கையை இழுத்துக்கொண்டார். அது மணலில் கிடந்து யோசித்தது. பிறகு அதுவும் எழும்பி நின்றது. ராத்தா “யா அல்லாஹ்” என்று அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். அந்தக் கட்டிதான் காரணமா என்று விரிவுரையாளர் கேட்டால் அடித்துச் சொல்ல என்னால் முடியாது. குட்டிகள் நின்றன. அது எனக்குப் போதும்.

அதற்குப் பிறகு கொஞ்சக் காலத்தில் ஆயுதம் வைத்திருந்தவர்கள் வந்து, எருக்கலம்பிட்டி முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். நாங்கள் பேசுகிற அதே தமிழில்தான் சொன்னார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபமும் வெட்கமும் வரும். கடற்கரை முழுக்கச் சனம் வள்ளத்துக்குக் காத்துக் கிடந்தது, குடிக்கத் தண்ணீர் இல்லை. எனக்கு ஒரே ஒரு காரியம்தான் செய்யத் தெரிந்தது. கானைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். ராத்தா பிள்ளைகளோடு மணலில் இருந்தார். பக்கத்தில் சீமாட்டி. கானைப் பார்த்ததும் அந்த நேரத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

“ஆட்டுத் தண்ணிக் கான்தானே மிஸ்?”

கடைக்குட்டிக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் குடிக்கக் கொடுத்தார். கடைசியாகத் தானும் ஒரு வாய் குடித்தார். பிறகு சீமாட்டியின் கயிற்றை என் கையில் வைத்தார். “வள்ளத்தில ஏத்த விடமாட்டினமாம். நல்ல தண்ணி குடுங்கோ மிஸ்.” நான் ஓம் என்றேன். அந்த வாக்கைக் காப்பாற்றினேன். சீமாட்டி எங்கள் வீட்டில் கிழவியாகித்தான் செத்தாள். கடைசிவரை வீட்டில் எங்களைவிட நல்ல தண்ணீர் குடித்தவள் அவள்தான்.

பல வருடம் கழித்து, அவர்கள் போய்ச் சேர்ந்திருந்த புத்தளத்தில் ராத்தாவின் வீட்டைத் தேடிப் போனேன். ஓலைக் கொட்டில் ஒன்று, முன்னால் தகரப் படலை. “பாருங்கோ மிஸ், இங்கயும் உப்பளம்தான். உப்பிலயிருந்து உப்புக்கு வந்திருக்கிறம்” என்றார். நிறையப் பேசினோம், நிறைய அழுதோம். தேத்தண்ணி வைத்தார். சீனி போட்டு வைத்திருந்த பேணியைத் திறந்தவர், கரண்டியைக் கையில் வைத்தபடியே எழும்பிப் போய்ப் படலையை இழுத்துச் சாத்திக் கொழுவிவிட்டு வந்தார்.

“ஏன் ராத்தா?”

“கழுதையள் வந்திரும் மிஸ்,” என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

அதை நான் வீட்டில் வந்து சொன்னதுதான் பிழையாகப் போனது. இப்போது எங்கள் வீட்டில் சீனிப் பேணியைத் திறக்கும் சத்தம் கேட்டால் யாராவது ஒருவர் “கதவு!” என்று கத்துவார்கள். என் மகள் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த நாளிலும் அம்மா உள்ளேயிருந்து கத்தினார். அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்துதான் சீனி போட்டேன்.